நாய்வரியும் கோப்பித் தோட்டமும்: 1848 மாத்தளை எழுச்சியின் காரணங்கள்

நாய்க்கு வரி விதித்தார்கள், அதனால் கண்டிச் சிங்களவர் கலகம் செய்தார்கள் என்று 1848 ஆம் ஆண்டின் மாத்தளை எழுச்சியைச் சொல்லி நகைத்துவிட்டுப் போவோர் உளர். நாயொன்றுக்கு ஒரு சிலிங் வரி இருந்தது உண்மையே. ஆயின், ஒரு சிலிங்குக்காக எந்த மக்கட்கூட்டமும் அரசன் ஒருவனுக்கு முடிசூட்டிக்கொண்டு, வெடிமருந்தும் பீரங்கியும் உடைய ஒரு பேரரசின் படையை எதிர்த்து நடந்து செல்வதில்லை. வரி தீப்பொறி, உலர்ந்த சருகு அதற்கு முன் பதினைந்து, இருபது ஆண்டுகளாகக் குவிந்து கிடந்தது. அச்சருகைக் குவித்தவர் யார், எதற்காகக் குவித்தார் என்பதே ஆராய வேண்டிய வினா.

கண்டி இராச்சியம் 1815 மார்ச் 2 ஆம் நாள் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் பிரித்தானியர் கைக்குப் போயிற்று. போரில் வென்று அதனைப் பெற்றனர் என்பதிலும், தம் அரசனை வெறுத்த பிரதானிகள் கொண்டுபோய்க் கொடுத்தனர் என்பதே பொருந்தும். அவ்வரசன் மதுரை நாயக்கர் வழிவந்த சிறீ விக்கிரம இராசசிங்கன். வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832 இல் மாண்டான். கொடுத்த பிரதானிகளே தம் தவற்றை உணர்ந்து 1817, 1818 ஆம் ஆண்டுகளில் ஊவா வெல்லச திசைகளில் எழுந்தனர். கெப்பெட்டிப்பொல திசாவையின் தலை 1818 நவம்பரில் வீழ்ந்ததோடு அவ்வெழுச்சி அடங்கிற்று. அதன்பின் முப்பது ஆண்டுகள் கண்டி நாட்டில் பெரும்போர் எதுவும் நிகழவில்லை. ஆனால் அந்த முப்பது ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் எந்தப் போரும் செய்யாத மாற்றம்.

முதலில் பாதை வந்தது. 1820களில் எட்வேர்ட் பார்ன்ஸ் தேசாதிபதியாக இருந்தபோது, கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதி மலையைக் குடைந்து வெட்டப்பட்டது. அதனை வெட்டியது பண்டைய இராஜகாரிய ஊழியம். அரசனுக்கும் விகாரைக்கும் நிலத்துக்கு ஈடாக மக்கள் செய்து வந்த ஊழியத்தை வெள்ளையர் கூலியில்லா வேலையாக்கிக் கொண்டனர். அதே காலத்தில் கம்பளைக்கு அண்மையில் முதல் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. பார்ன்ஸ் துரையே தோட்டமும் வைத்தார். 1833 இல் கோல்புரூக் குழுவின் பரிந்துரைப்படி இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. மனிதாபிமானம் என்று இதனைப் போற்றுவோர் உண்டு. போற்றத்தக்க கூறும் அதில் இருந்தது. எனினும், நிலத்தோடு கட்டுண்ட மனிதனை அவிழ்த்துவிட்டால்தான் அவன் தோட்டத்துக்குக் கூலியாக வருவான் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. அக்கணக்குப் பிழைத்தது. கண்டி விவசாயி தன் வயலையும் சேனையையும் விட்டுக் கூலிக்குப் போக மறுத்தான். அவனைச் சோம்பேறி என்று துரைமார் எழுதி வைத்தனர். பிறன் தோட்டத்தில் மாடாய் உழைக்க மறுப்பவன் சோம்பேறி என்றால், அச்சோம்பலைத் தன்மானம் என்றும் அழைக்கலாம்.

1835 இல் இங்கிலாந்து, மேற்கிந்தியக் கோப்பிக்குக் காட்டிய தீர்வைச் சலுகையை இலங்கைக் கோப்பிக்கும் நீட்டியது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்து, அங்கே உற்பத்தி சரிந்துகொண்டிருந்த காலம் அது. எனவே இலங்கை மலைகளின் மீது மூலதனம் பாய்ந்தது. மூலதனத்துக்கு நிலம் வேண்டும். ஆனால் மலைநாட்டில் யாருக்கும் உரிமையற்ற நிலம் என்று ஒன்று இருந்ததா?

இவ்விடத்தில் சற்றே நின்று பார்த்தல் வேண்டும். கண்டிக் கிராமம் மூன்று அடுக்குகளால் ஆனது. பள்ளத்தில் வயல், அதற்குமேல் வீடும் தோட்டமும், அதற்கும் மேலே சேனைக் காடு. சேனை என்பது ஓராண்டு வெட்டி எரித்துக் குரக்கனும் எள்ளும் விதைத்து, பின் பல ஆண்டுகள் காடாக வளரவிட்டு மீண்டும் வெட்டும் நிலம். விறகு, தேன், மூலிகை, மாடு மேயும் இடம், வீட்டுக்கு வேண்டிய மரம் யாவும் அக்காட்டிலிருந்தே வந்தன. அதற்கு எழுத்துப் பத்திரம் கிடையாது. ஊரார் நினைவே பத்திரம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்த நினைவைச் செல்லாக்காசு ஆக்கியது. காடு, தரிசு, குடியற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் அனைத்தும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று அது விதித்தது. சேனை நிலமும் அவ்வாறே. கண்டி மாகாணங்களில் சன்னசோ அரச கொடையோ காட்டினால்தான், அல்லது வழமையான வரி செலுத்தியதை நிறுவினால்தான் உரிமை. நிரூபிக்கும் சுமையை வலியவன்மேல் வைப்பதற்கும் எளியவன்மேல் வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீதிமன்றப் படியேறிய எவரும் அறிவர். ஒரு முடி முழுவதையும் ஒரே வாக்கியத்தால் உரிமையாக்கிக்கொண்டது. ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியே எழுந்து மறுக்க வேண்டும்!

அவ்வாறு முடிக்குரியதான காணியை ஏக்கர் 5 சிலிங்குக்கு அரசு விற்றது. 1841 ஆம் ஆண்டில் மட்டும் எழுபதாயிரம் ஏக்கருக்கு மேல் விலைப்பட்டது. வாங்கியோர் யார்? தேசாதிபதி ஸ்டூவர்ட் மக்கென்சி வாங்கினார், நீதிபதி வாங்கினார், படைத்தளபதி வாங்கினார், பாதை போட்ட அதிகாரி வாங்கினார், பாதிரியாரும் வாங்கினார். காணிக் கச்சேரியில் அமர்ந்து விவசாயியின் உரிமையை விசாரித்தவனும், அடுத்த மேட்டில் கோப்பிக் கன்று நட்டவனும் ஒருவனாகவே இருந்த காலம் அது. அரச ஊழியர் தோட்டம் வைத்தல் ஆகாது என்று இலண்டன் தடுக்க முற்பட்டது 1840களின் நடுவிலேதான். விலை ஏக்கருக்கு ஒரு பவுணாக உயர்ந்ததும் 1844 இலேதான். அதற்குள் நல்ல மேடுகள் கைமாறிவிட்டன.

தோட்டங்களால் விவசாயி வயலை இழந்தானா என்பது இன்றுவரை நீடிக்கும் வாதம். 1949 இல் அமைக்கப்பட்டு 1951 இல் அறிக்கையளித்த கண்டி விவசாயிகள் ஆணைக்குழு, அவன் பெரிதும் இழந்தான் என்றது. கோப்பி ஏறியது பெரும்பாலும் உயர்ந்த காட்டு நிலத்திலேயே, வயலில் அன்று எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் மறுத்தனர். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் கிராமத்தைப் பள்ளத்து வயல் மட்டுமே என்று கொள்ளும் பார்வை, அளவைச் சங்கிலியின் பார்வை. மேட்டுக் காடு போயிற்றென்றால் சேனை போயிற்று, மேய்ச்சல் போயிற்று, தோட்ட எல்லைக்குள் நுழைந்த எருமையைத் துரை சுட்டான். காடு வெட்டப்பட்ட மலையிலிருந்து மண் கரைந்து வயலில் இறங்கிற்று. இவற்றோடு, சாராயக் குத்தகைகாரரின் தவறணைகளும் புதிய பாதைகளின் வழியே ஊருக்குள் ஏறின.

இனி 1847. இங்கிலாந்தில் வணிக நெருக்கடி. கோப்பி விலை சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன, கடன் கொடுத்த கம்பனிகள் முறிந்தன, அரசின் வருவாய் வீழ்ந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் வந்து இறங்கிய புதிய தேசாதிபதி டொரிங்டன் பிரபு முப்பத்தைந்து வயதை எட்டாதவர். குடியேற்ற நாட்டு ஆட்சியில் அனுபவம் சிறிதும் அற்றவர். பிரதமர் ஜோன் ரசலின் உறவினர். வருவாயை ஈடுசெய்ய அவரும் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்டும் கண்ட வழி, அக்காலத்துத் தடையிலா வாணிபக் கோட்பாட்டின் தூய வடிவம். ஏற்றுமதியாகும் கோப்பிமீதிருந்த தீர்வையை எடுத்துவிடுவது. உள்ளூர் மக்கள்மீது நேர்வரி போடுவது. நெருக்கடியை உண்டாக்கியது எவருடைய பயிரோ அவருக்கு வரிவிலக்கு. அப்பயிரால் காட்டை இழந்தவனுக்கு வரி.

வரிகளை எண்ணிப் பார்ப்போம். துப்பாக்கி உரிமத்துக்கு ஆண்டுக்கு 2 சிலிங் 6 பென்ஸ். நாயொன்றுக்கு 1 சிலிங். கடைக்கு 1 பவுண். வண்டிக்கும் வள்ளத்துக்கும் தனி. இவற்றுக்கெல்லாம் மேலாக வீதிக் கட்டளைச் சட்டம்: 18 வயது முதல் 55 வரையுள்ள ஆண் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறு நாள் பாதையில் வேலை செய்தல் வேண்டும், அன்றேல் 3 சிலிங் கட்டுதல் வேண்டும். ஆறு நாளுக்கு 3 சிலிங் என்றால், ஒரு நாள் உழைப்பை அரசே 6 பென்ஸ் என மதித்தது. அதே அளவுகோலால் அளந்தால், ஒரு துப்பாக்கி ஐந்து நாள் உழைப்பு. ஒரு நாய் இரண்டு நாள். சிற்றூர்க் கடைக்காரனுக்குக் கடை நாற்பது நாள். ஒரு துப்பாக்கியும் இரு நாய்களும் உடைய விவசாயி ஆண்டில் பதினைந்து நாளைத் துரைக்குத் தந்தாக வேண்டும். துப்பாக்கியும் நாயும் அவனுக்கு வேட்டைப் பொழுதுபோக்குக்கு உரியவை அல்ல. பன்றியும் யானையும் மானும் இறங்கும் காட்டோரத்தில், விளைந்த கதிரைக் காப்பாற்ற அவனுக்கு இருந்த காவல் அவை. வீதிச் சட்டமோ இன்னும் ஆழமான புண்ணைக் கிளறியது. 1833 இல் ஒழிந்தது என்று பறைசாற்றப்பட்ட இராஜகாரியம் பதினைந்தே ஆண்டில் வேறு பெயரோடு வந்து நின்றது. பிக்குகளும் அதற்கு உட்பட்டனர். துறவி மண்வெட்டி தூக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

மதம் என்ற காரணத்தைச் சிலர் முதன்மைப்படுத்துவர், சிலர் ஒதுக்குவர். 1815 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு பௌத்த மதத்தைப் பேணுவதாக உறுதியளித்தது. மிசனரிமாரின் வற்புறுத்தலால் 1840களில் அரசு அவ்வுறுதியிலிருந்து விலகத் தொடங்கிற்று. விகாரைப் பதவிகளுக்கு நியமனம் வழங்குவதை நிறுத்திற்று. 1847 இல் தந்ததாதுவின் காவலையும் பிக்குகளிடமும் பிரதானிகளிடமும் ஒப்படைத்தது. அரசு மதத்திலிருந்து விலகுவது நல்லதுதானே என இன்றைய வாசகர் கேட்கலாம். விலகிய முறையே பிழை. நியமனப் பத்திரம் இல்லாத விகாராதிபதி, விகாரை நிலத்தின் வருவாயைச் சட்டப்படி கேட்க முடியாமற் போனார். விகாரையின் துயரும் விவசாயியின் துயரும் இவ்வாறு நிலத்திலேயே வந்து சந்தித்தன.

1848 யூலை 6 ஆம் நாள் ஆயிரக்கணக்கான மக்கள் கண்டிக் கச்சேரியின் முன் திரண்டு வரிகளை நீக்கக் கேட்டனர். விண்ணப்பத்தால் பயன் விளையவில்லை. மூன்று நாளுக்கு முன், 'கொழும்பு ஒப்சேவர்' இதழின் ஆசிரியரும் ஐரிஷ் மருத்துவருமான கிறிஸ்தோபர் எலியட் தொடர்புடைய ஒரு கடிதம் சிங்களத்தில் வெளியாகியிருந்தது. பிரான்சில் மக்கள் அரசனைத் துரத்திய செய்தியை அது சொல்லிற்று. பாரிசின் பெப்ரவரிப் புரட்சியும், இலண்டனின் சாசன இயக்கமும், மார்க்சும் ஏங்கெல்சும் எழுதிய அறிக்கையும் அவ்வாண்டுக்கு உரியவை என்பதை மாணவர் அறிவர். ஆயினும் கண்டி விவசாயி பாரிசைப் பார்த்து எழுந்தான் என்பது அதிகாரிகளின் கற்பனை. தம் குற்றத்தை ஒரு செய்தித்தாள்மேல் ஏற்றிவிட அவர்களுக்கு அது வசதியாக இருந்தது.

யூலை 26 ஆம் நாள் தம்புள்ளைக் குகைவிகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டப்பட்டது. சடங்கை நிறைவேற்றியவர் கிரானேகம தேரர். பண்டாவின் தமையன் டினிஸ் உப அரசன்; டிங்கிரிரால ஏழு கோறளைக்குத் தலைவன்; புரன் அப்பு படையை நடத்துவோன். 28 ஆம் நாள் அக்கூட்டம் வடக்குப் பாதை வழியே மாத்தளையை நோக்கி நடந்தது. மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டு வரிப் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. எழுச்சிக்காரர் எதனை முதலில் எரித்தனர் என்பதிலிருந்தே அவர்தம் நோக்கைப் படித்தறியலாம். மறுநாள் வாரியப்பொலவில் படை அவர்களைச் சிதறடித்தது. கண்டியில் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. அந்த யூலை 29 ஆம் நாளிலேயே, உலகின் மறுகோடியில், அயர்லாந்தின் பலிங்காரி என்ற ஊரில் இளம் அயர்லாந்து இயக்கத்தினர் அதே முடிக்கு எதிராக எழுந்து, அதே நாளில் தோற்றனர்.

முடிசூடியவன் யார்? கண்டி அரச குலத்தான் என்று அவன் தன்னைக் கூறிக்கொண்டான். உண்மையில் அவன் கொழும்பை அடுத்த பேலியகொடையில் பிறந்த டேவிட். கண்டி வீதியில் சுமைப் போக்குவரத்துத் தொழில் செய்தவன். புரன் அப்புவோ மொரட்டுவையில் 1812 இல் பிறந்த வீரஹென்னெதிகே பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. சிறுவயதிலேயே ஊரைவிட்டு ஊவாவுக்குப் போனவன்; அரசு தலைக்கு விலை வைத்துத் தேடியவன். டொரிங்டன் பிரபுவும் அதே 1812 இல் பிறந்தவரே. 1818 இல் தலைமை தாங்கிய பிரதானி வகுப்பு 1848 இல் எங்கே நின்றது? பெரும்பாலும் வெள்ளையனின் பக்கத்தில், அல்லது வாயிலில் நின்று வேடிக்கை பார்த்தது. பதவியும் காணியும் அவர்களை ஆட்சியோடு பிணைத்திருந்தன. ஆகவே தலைமை, பாதையும் வண்டியும் தவறணையும் உருவாக்கிய புதிய அலைகுடி மனிதரிடம் போய்ச் சேர்ந்தது. பழைய மகுடத்தைத் தேடினர், தேடியவர் புதியவர். இம்முரண்பாடே 1848 இன் உயிர். இதனை இறுதி நிலவுடைமைக் கலகம் என்று மட்டும் சொல்வதும், முதல் தேசியப் போர் என்று மட்டும் சொல்வதும் இம்முரண்பாட்டைப் பாதியாக வெட்டுவதாகும். பேராசிரியர் கே. எம். டி சில்வா தாம் பதிப்பித்த டொரிங்டன் காலக் கடிதத் தொகுப்பின் தலைப்பில் 'கிளர்ச்சி' என்ற சொல்லையே மேற்கோட்குறிக்குள் இட்டார். ஆயின் இராணுவச் சட்டத்துக்கு எவரும் மேற்கோட்குறி இடவில்லை.

அச்சட்டம் ஒக்டோபர் 10 வரை நீடித்தது. இராணுவ நீதிமன்றம் 18 பேரைக் கொன்றது. ஏறத்தாழ இருநூறு பேர் படையின் குண்டுக்கு இரையாயினர். பலர் கசையடி பட்டனர், கடல் கடத்தப்பட்டனர், சொத்துப் பறிகொடுத்தனர். பிரித்தானியப் படையின் இழப்போ ஒரு சிப்பாயின் காயம். ஓகஸ்ட் 8 ஆம் நாள் புரன் அப்பு கண்டியில் சுடப்பட்டான். தன்னைப் போன்றோர் இன்னும் சிலர் இருந்திருந்தால் கண்டி நாட்டில் வெள்ளையன் ஒருவனும் எஞ்சியிரான் என்று அவன் கூறியதை டொரிங்டனே தம் கடிதத்தில் குறித்துள்ளார். ஓகஸ்ட் 26 இல் கடஹபொல தேரர் சீவர உடையோடு சுடப்பட்டார். அதனை ஒத்திவைக்க வேண்டி அரசின் தலைமைச் சட்டவறிஞர் செல்பியே சென்று முறையிட்டும் தேசாதிபதி இணங்கவில்லை. பண்டா செப்டெம்பரில் எல்கடுவையில் பிடிபட்டான். அவனுக்கு விதித்த மரண தண்டனை நூறு கசையடியாகவும் நாடு கடத்தலாகவும் மாறிற்று. அவன் மலாக்காவில் 1849 டிசம்பரில் இறந்தான்.

தமிழ் வாசகர் இவ்விடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பண்டா நடந்த அதே வடக்குப் பாதையில், அதே ஆண்டுகளில், வேறொரு கூட்டமும் நடந்துகொண்டிருந்தது. மன்னாரில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை அடைந்த தமிழ்நாட்டுக் கூலிகளின் கூட்டம் அது. 1844 இல் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். காடும் காய்ச்சலும் வாந்திபேதியும் பாதையோரமெங்கும் அவர்களைப் புதைத்தன. 1840களில் இறந்தோர் எழுபதாயிரம் என 1849 இல் செய்தித்தாள் ஒன்று மதிப்பிட்டது. பிழைத்தவருக்கு மலைநாட்டின் முதற்படி மாத்தளை. கண்டி விவசாயி கூலிக்கு வர மறுத்த இடத்தை நிரப்பவே இவர்கள் அழைத்து வரப்பட்டனர். ஒருவனிடமிருந்து நிலத்தைப் பறித்ததும், மற்றவனை நிலத்திலிருந்து பெயர்த்துக் கொணர்ந்ததும் ஒரே மூலதனத்தின் இரு கைகள். ஆயின் விவசாயி கண்டது கைகளை அன்று. தன் மேட்டில் எழுந்த லயத்தையும், அதில் புரியாத மொழி பேசிய மனிதனையுமே கண்டான். பௌத்த அரசனின் பெயரால் எழுந்த அறைகூவலும் லயத்துத் தமிழனை அழைக்கும் மொழியில் அமைந்ததன்று.

இந்தப் பிழைபட்ட பார்வை நூறாண்டு கழித்து அரசியலாயிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரைப் பெருந்தொகையாக நாடற்றவராக்கியபோது, மலைநாட்டு விவசாயியின் பழைய மனக்குறையே அதற்கு நியாயமாக மேடைகளில் எடுத்துரைக்கப்பட்டது. காணியை எடுத்த கம்பனி பங்குலாபத்தோடு இருந்தது. அதில் மண்வெட்டிய தொழிலாளி வாக்கிழந்தான். 1964 ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கெனக் கணக்கிட்டது. நாடற்ற நிலை சட்டப்படி முடிவுற 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2023 இல், தம் முன்னோர் வந்த இருநூறாவது ஆண்டை நினைந்து, மலையகத் தமிழர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை கால்நடையாக வந்தனர். புறப்பட்ட நாள் யூலை 28. பண்டாவின் கூட்டம் தம்புள்ளையை விட்டுப் புறப்பட்ட நாளும் அதுவே, தற்செயலான பொருத்தந்தான்.

மாத்தளையின் காரணங்கள் மாத்தளைக்கு மட்டும் உரியனவுமல்ல. கென்யாவை நோக்குக. அங்கும் உயர்நிலம், அங்கும் கோப்பி. 1902 இலும் 1915 இலும் இயற்றப்பட்ட சட்டங்களுக்கு அங்கும் முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம் என்றே பெயர். குடிசை வரி கட்டப் பணம் வேண்டும். பணத்துக்கு வெள்ளையன் தோட்டத்தில் வேலை செய்தல் வேண்டும். ஆபிரிக்கன் தானே கோப்பி நடுவதற்கோ நெடுங்காலம் தடை. 1952 ஒக்டோபரில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். தெடான் கிமாதி 1957 பெப்ரவரியில் தூக்கேறினான். 1963 இல் நாடு விடுதலை பெற்றது. நூறாண்டு இடைவெளியில், இரு கண்டங்களில், ஒரே பயிருக்காக ஒரே பெயருடைய சட்டம்! வேறுபாடு ஒன்று உண்டு. கிக்குயூ விவசாயி நிலமும் விடுதலையும் என்று கேட்கக் கற்றிருந்தான். நைரோபியின் தொழிற்சங்கம் அவனுக்கு அருகில் இருந்தது. 1848 இன் மாத்தளை விவசாயிக்குத் துணையாக ஒரு தொழிலாளர் இயக்கம் இலங்கையில் இன்னும் பிறந்திருக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த விடுதலையின் ஒரே உருவம் அரசன்.

இலண்டன் நாடாளுமன்றத்தில் ஜோசப் ஹியூம் முதலியோர் எழுப்பிய குரலால் 1849 இல் விசாரணைக் குழு அமைந்தது. மாத்தளையில் கப்டன் வாட்சன் சொத்துகளைப் பறிமுதல் செய்தமையும், பிக்கு சுடப்பட்டமையும் அங்கே நீண்ட விவாதமாயின. 1850 இல் டொரிங்டன் பதவியிழந்து சென்றார், டெனன்டும் நிலைக்கவில்லை. நாய்வரியும் துப்பாக்கி வரியும் கைவிடப்பட்டன. வீதிச் சட்டத்திலிருந்து பிக்குகள் விடுவிக்கப்பட்டனர், விவசாயி விடுவிக்கப்படவில்லை. 1869 இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியையும் சில ஆண்டுகளில் அழித்தது. அதே மேடுகளில் தேயிலை ஏறிற்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, 'முடி' என்ற சொல் இருந்த இடத்தில் 'அரசு' என்ற சொல்லோடு, இலங்கையின் சட்டப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது.